ஆகாய விமான இரைச்சலும் ஏழைகளின் உறக்கமும்

ஒருவன் நம் வீட்டுக் கூரையின்மேல் நின்றுகொண்டு இரவு முழுதும் தகரத்தைத் தட்டுவானாயின், அவனைப் போலீசார் பிடித்துக்கொண்டு போவர். அதே கூரையின்மேல் ஆயிரம் தகரங்களின் ஓசையோடு ஆகாய விமானம் பறந்து செல்லுமாயின், அதனை நாகரிகம் என்றும் தேச முன்னேற்றம் என்றும் கூறி, நம்மைப் பொறுத்துக்கொள்ளும்படி உபதேசிக்கின்றனர். தகரம் தட்டுகிறவன் கெடுப்பதும் உறக்கம். விமானம் கெடுப்பதும் உறக்கம். ஒன்று குற்றமாகவும் மற்றொன்று பெருமையாகவும் ஆவது எங்ஙனம்? இக்கேள்வியைக் கேட்கத் துணிந்த ஜனங்களைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

நாம் விமானத்துக்கு விரோதிகள் அல்லோம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பல நாட்கள் கடலில் அலைந்து இக்கரை சேர்ந்தோரின் சந்ததியாராகிய நாம், அதே தூரத்தைச் சில மணி நேரத்தில் கடக்கும் வசதியை வேண்டாம் என்போமா? ஆனால் வசதி ஒருவருக்கும் வாதை வேறொருவருக்கும் என்று பங்கிடப்படுவதையே நாம் கண்டிக்கிறோம். பிரயாணி ஒரு முறை பறந்துபோய்த் தன் வீட்டில் நிம்மதியாக உறங்குகிறான். விமான நிலையத்தின் அண்டையில் குடியிருப்பவனோ, ஒரு முறையும் பறவாதவனாயினும், எல்லோருடைய பிரயாணத்துக்கும் தன் உறக்கத்தை வரியாகச் செலுத்துகிறான்.

ஜப்பானிலே ஓசாக்கா நகரத்தை அடுத்து இத்தாமி என்னும் விமான நிலையம் இருக்கிறது. 1939-இல் திறக்கப்பட்ட அந்நிலையம், யுத்தத்துக்குப் பின் அமெரிக்கப் படையின் வசமாகி, 1958-இல் ஜப்பானியரிடம் திரும்பியது. 1964-இல் ஜெட் விமானங்கள் அங்கே இறங்கத் தொடங்கின. 1970-இல் 3,000 மீட்டர் நீளமுள்ள புதிய ஓடுபாதை திறக்கப்பட்டது. சுற்றிலும் இருந்தவை நெருங்கிய குடியிருப்புகள். குழந்தைகள் திடுக்கிட்டு அழுதன; பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பாதிச் சொல்லில் நிறுத்தி, விமானம் போனபின் மீதியைச் சொல்ல வேண்டியதாயிற்று.

சர்க்கார் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. 1967-இல் ஒரு சட்டம் செய்து, பள்ளிக்கூடங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் ஓசைத் தடுப்பு அமைக்க உதவி செய்தது. ஆனால் மனிதன் உறங்குவது பள்ளிக்கூடத்திலா? அண்டையிலுள்ள கவானிஷி நகரவாசிகள் 1969 டிசம்பரில் சர்க்காரின் மீதே வழக்குத் தொடுத்தனர். இரவில் விமானம் பறக்கலாகாது. அனுபவித்த துன்பத்துக்கு ஈடு தரவேண்டும். இவையே அவர்கள் கேட்டவை. வழக்கு நடந்துகொண்டிருந்த 1974-ஆம் ஆண்டில், குடியிருக்கும் வீடுகளுக்கும் ஓசைத் தடுப்பு உதவி கிடைக்குமாறு அச்சட்டம் திருத்தப்பட்டது. கூக்குரல் எழுமுன் தோன்றாத கருணை, கூக்குரல் எழுந்தபின் தோன்றியதை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

1975 நவம்பரில் ஓசாக்கா உயர் நீதிமன்றம், இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை விமானம் பறக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. உடலும் உள்ளமும் கெடாமல் வாழ்வது மனிதனுக்கு உரிமை என்பதே அதன் அடிப்படை. சர்க்கார் மேல்முறையீடு செய்தது. 1981 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடந்த கால நஷ்டத்துக்கு ஈடு தரவேண்டும் என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் பறப்பதைத் தடுக்குமாறு இத்தகைய வழக்கின் மூலம் கேட்க முடியாது என்று தள்ளிவிட்டது. சட்டப் புத்தகத்தில் ஜனங்கள் பாதி தோற்றார்கள். ஆயினும் நடந்ததென்ன? இன்றும் இத்தாமி நிலையம் காலை 7 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு அடங்குகிறது! நீதிபதிகள் தர மறுத்ததை ஜனங்களின் ஒற்றுமை நிலைநிறுத்திக்கொண்டது.

இனி, எதிர்ப்பக்கத்தார் கூறும் வாதங்களைப் பார்ப்போம்.

"இரவு விமானத்தை நிறுத்தினால் வர்த்தகம் அழியும்" என்பது முதல் வாதம். ஓசாக்காவின் வர்த்தகம் அழிந்ததா? கரைக்கு அப்பால் கடலைத் தூர்த்துத் தீவு ஒன்று அமைத்து, 1994-இல் கன்சாய் விமான நிலையத்தைத் திறந்தார்கள். இரவு விமானங்கள் அங்கே இறங்குகின்றன. அண்டை வீட்டார் வாய் மூடியிருந்தால் பொறியியலாளருக்கு இந்த யோசனை தோன்றியிருக்குமா?

"சராசரி இரைச்சல் அளவுக்கு உட்பட்டே இருக்கிறது" என்பது இரண்டாவது வாதம். சராசரி எவனையும் எழுப்புவதில்லை. நள்ளிரவில் இரண்டு மணிக்குப் போகும் ஒரு விமானமே எழுப்புகிறது. அதன் ஓசையை ஓசையற்ற நேரத்தோடு கலந்து வகுத்துக் காட்டுவது, பாலில் நீர் கலந்து விற்பவனுடைய கணக்கு. சராசரியையே எடுத்துக்கொண்டாலும், உலக சுகாதார ஸ்தாபனம் 2018-இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டியில், விமான ஓசை இரவில் 40 டெசிபலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்றே சொல்லுகிறது. எத்தனை விமான நிலையங்களின் அண்டையில் அவ்வளவு அமைதி உண்டு?

"தெரிந்துதானே அங்கே குடிவந்தாய்" என்பது மூன்றாவது வாதம். ஜெட் விமானம் வருமுன் வீடு கட்டியவனிடம் இதைச் சொல்ல நாணவேண்டும். பின்னர் வந்தவனோ, வாடகை குறைந்த இடத்தைத் தேடி வந்த ஏழை. வறுமையால் வந்ததைச் சம்மதத்தால் வந்ததாகக் கணக்கெழுதுவது அநீதி.

நம் பக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. சிங்கப்பூரில் பாய லேபார் நிலையத்தை விரிப்பதா, சாங்கியில் புதிதாகக் கட்டுவதா என்ற கேள்வி எழுந்தபோது, 1975-இல் சாங்கியே தீர்மானிக்கப்பட்டது. கடலின்மேல் இறங்கி ஏறினால் நகரத்தின்மேல் இரைச்சல் குறையும் என்பது அதற்கொரு காரணம். 1981-இல் சாங்கி திறந்தது. பாய லேபாரில் எஞ்சிய விமானப்படைத் தளத்தையும் 2030-க்குப் பின் அகற்றப்போவதாக 2013-இல் அறிவித்தார்கள். எனவே, இடத்தையும் வழியையும் மாற்றுவது ஆகாத காரியமன்று. மனம் வைத்தால் ஆகும்.

மழை வானத்திலிருந்து வருகிறது. அதற்கு யாரையும் பொறுப்பாக்க முடியாது. விமான இரைச்சலும் வானத்திலிருந்தே வருகிறதாயினும், அது ஒரு காரியாலயத்தில் ஒருவர் எழுதிய கால அட்டவணையின்படி வருகிறது. எழுதியதைத் திருத்தலாம். அதனைத் தலைவிதி என்று எண்ணிக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கிடப்பது நம்மவரின் பழைய நோய்.

ஆகவே, இத்துன்பத்துக்கு உள்ளான தோழர்களுக்கு நாம் சொல்லுவது இது. எந்த இரவில், எத்தனை மணிக்கு, எத்தனை விமானம் போயிற்று என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். வீட்டுக்காரரும் வாடகைக்காரரும், எல்லா இனத்தாரும் ஒரே மனுவில் கையெழுத்திடுங்கள். விமான வழியை அடுத்த கம்பத்தின்மேல் தள்ளிவிடும்படி ஒருபோதும் கேளாதீர்கள். நமது நோயை அண்டை வீட்டுக்கு அனுப்புவது வைத்தியமாகாது. எல்லோருக்கும் பொதுவான இரவு அமைதி நேரத்தையே கேளுங்கள். உழைக்கிறவனுக்கு உறக்கமே மறுநாள் உழைப்பின் முதல். அதை இலவசமாக எடுத்துக்கொள்ள எந்தக் கம்பெனிக்கும் எந்தச் சர்க்காருக்கும் உரிமை கிடையாது.