விரல் படும் பலகை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்தைத் தாண்டியதும் திருவிடந்தை வருகிறது. நித்யகல்யாணப் பெருமாள் கோவில் உள்ள ஊர். தினம் ஒரு பெண்ணாக 360 பெண்களைப் பெருமாள் மணந்தார் என்பது தலபுராணம். அதனால், கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள் மாலையோடு இங்கே வருகிறார்கள்.

கோவில் வாசலில் பெற்றோர்கள் பேசிக் கொள்வதைக் கேட்டிருக்கிறீர்களா?

பையன் என்ன படிப்பு, என்ன சம்பளம் என்பதோடு நிற்க மாட்டார்கள். தாய்மாமன் யார்? சொந்த ஊர் எது? குடும்பம் எப்படி? எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். விசாரிக்கத்தானே வேண்டும்!

அதே பெற்றோர், கடன் வாங்கியாவது பிள்ளைக்கு ஒரு லேப்டாப் வாங்குகிறார்கள். அப்போது என்ன பார்க்கிறார்கள்? மூடியின் மேல் உள்ள கம்பெனிப் பெயரைப் பார்க்கிறார்கள். விலையைப் பார்க்கிறார்கள். தீர்ந்தது விசாரணை.

மூடியின் மேல் ஒரு பெயர்தான் இருக்கிறது. உள்ளே இருப்பவை பல வீடுகளிலிருந்து வந்தவை. மூளையாகிய சில்லு ஒரு கம்பெனி. திரை ஒரு கம்பெனி. பாட்டரி ஒரு கம்பெனி. பெயர் போட்டிருக்கும் கம்பெனி பெரும்பாலான உறுப்புகளை விலைக்கு வாங்கித்தான் சேர்க்கிறது.

அவற்றில் ஒரே ஓர் உறுப்பைப் பற்றி இங்கே பேசுவோம். நாள் முழுவதும் நம் விரல் படுகிற உறுப்பு. ஆனால் விளம்பரத்தில் பெரும்பாலும் இடம் பெறாத உறுப்பு. அதன் பெயர் ‘டச் பேட்.’

விரல் எப்படித் தெரிகிறது?

எழுத்துப் பொத்தான்களுக்குக் கீழே, வழவழப்பாக ஒரு சதுரம் இருக்கிறதே, அதுதான் டச் பேட். அதன் மேல் விரலை நகர்த்தினால் திரையில் அம்பு நகர்கிறது. தட்டினால் கட்டளை போகிறது.

வழவழப்பான மேல்தோலுக்கு அடியில் மெல்லிய உலோகக் கோடுகள் இருக்கின்றன. பாய் பின்னியது போல, குறுக்கும் நெடுக்குமாக அவை ஓடுகின்றன. அவற்றில் மிக லேசான மின்சாரம் இருக்கிறது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா? விரல் கிட்டே வந்ததும், அந்த இடத்தில் தேங்கியிருக்கும் மின்சாரத்தின் அளவு மாறுகிறது. ஒரு சிறிய சில்லு, ஒரு நொடியில் பல தடவை அதை அளந்து, விரல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. பிளாஸ்டிக் குச்சியால் தொட்டால் வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான்.

1994ஆம் ஆண்டில் ஆப்பிள் கம்பெனி தன் ‘பவர்புக் 500’ வரிசை லேப்டாப்பில் இதை வைத்தது. அதற்கு முன்பு அந்த இடத்தில் ஒரு சிறிய உருண்டை இருந்தது. அதை உருட்டித்தான் அம்பை நகர்த்த வேண்டும். தூசி சேர்ந்தால் உருண்டை நின்று விடும்.

டச் பேட் செய்வதில் பெயர் பெற்ற கம்பெனிகளில் ஒன்று அமெரிக்காவின் சினாப்டிக்ஸ். 1986ஆம் ஆண்டில் அதைத் தொடங்கியவர்கள் ஃபெடரிகோ ஃபாகின், கார்வர் மீட் என்ற இருவர். 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 சில்லை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஃபாகின். மனித மூளையைப் போல வேலை செய்யும் சில்லுகளை உண்டாக்க வேண்டும் என்று இவர்கள் கிளம்பினார்கள். வந்து சேர்ந்த இடம் விரல் பலகை! தைவானின் ஈலான், ஜப்பானின் ஆல்ப்ஸ் ஆகிய கம்பெனிகளும் இந்தத் தொழிலில் இருக்கின்றன.

ஒரே பெயர், உள்ளே வேறு சரக்கு

சரி, லேப்டாப் கம்பெனி இவர்களில் யாரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

பெரும்பாலான லேப்டாப்புகளை, பெயர் போட்டிருக்கும் கம்பெனி தானே செய்வதில்லை. தைவானைச் சேர்ந்த குவான்டா, காம்பல் போன்ற பெரிய ஒப்பந்தக் கம்பெனிகள் செய்து கொடுக்கின்றன. லேப்டாப்பை வடிவமைக்கும்போதே உறுப்புகளின் ஜாபிதா தயாராகி விடும். ஒவ்வோர் உறுப்புக்கும் இன்னின்னாரிடம் வாங்கலாம் என்று பெயர் குறித்து வைப்பார்கள். அதில் இடம் பிடிக்க வேண்டுமானால், சாம்பிள் கொடுக்க வேண்டும். சூட்டில் வைப்பார்கள். ஈரக்காற்றில் வைப்பார்கள். யந்திர விரலைக் கொண்டு ஓயாமல் அழுத்திப் பார்ப்பார்கள். தேறியவர்களில், கேட்ட நாளில் கேட்ட எண்ணிக்கையைக் குறைந்த விலைக்கு யார் தருகிறாரோ, அவருக்கு ஆர்டர்.

முக்கியமான உறுப்புகளுக்குப் பெரும்பாலும் ஒரே பெயரைக் குறிக்க மாட்டார்கள். இரண்டு, மூன்று பெயர் இருக்கும். இதில் நியாயம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டில் தாய்லாந்தில் பெரும் வெள்ளம் வந்தது. ஹார்டு டிஸ்க் செய்யும் தொழிற்சாலைகள் தண்ணீரில் மூழ்கின. உலகம் முழுவதும் ஹார்டு டிஸ்க்குக்குத் தட்டுப்பாடு வந்து, விலை ஏறியது. ஒரே கிணற்றை நம்பியிருந்தால், அது வற்றும்போது குடம் காலிதான். இரண்டு கிணறு வைத்துக் கொள்வது கெட்டிக்காரத்தனம்.

ஆனால், இரண்டு கிணற்றுத் தண்ணீரும் ஒரே ருசியாக இருக்குமா?

இங்கேதான் தொல்லை. அண்ணனும் தங்கையும் ஒரே கடையில், ஒரே பெயர், ஒரே நம்பர் உள்ள லேப்டாப்பை வாங்குகிறார்கள் என்று வையுங்கள். ஒன்றில் ஒரு கம்பெனியின் டச் பேட் இருக்கலாம். மற்றொன்றில் வேறு கம்பெனியின் டச் பேட் இருக்கலாம். அண்ணனுடையது வெண்ணெய் போல ஓடும். தங்கையுடையது விரல் ஒரு பக்கம் போனால் அம்பு ஒரு பக்கம் போகும். பெட்டியின் மேல் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

விலையைக் குறைக்க வேண்டும் என்றாலும் கை வைக்க வசதியான இடம் இதுதான். சில்லின் வேகத்தைக் குறைத்தால் விளம்பரத்தில் தெரிந்து விடும். நினைவகத்தைக் குறைத்தாலும் தெரிந்து விடும். கண்ணாடிப் பலகைக்குப் பதில் மட்டமான பிளாஸ்டிக் பலகையைப் போட்டால் யாருக்குத் தெரியும்? விரலுக்குத்தான் தெரியும். அதுவும் வீட்டுக்குப் போன பிறகு!

இது பணக்காரர் கவலை என்று நினைக்க வேண்டாம். 2018ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு இணைய வழியில் நடக்கிறது. எந்தக் கல்லூரி முதலில், எந்தக் கல்லூரி அடுத்தது என்று மாணவர்களே வரிசைப்படுத்த வேண்டும். அம்பு துள்ளிக் குதித்து, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தொட்டு விட்டால், கவனிக்காத பிள்ளையின் கதி என்ன?

கடற்கரைக் காற்று

நம் செங்கற்பட்டுக் கடற்கரைக்கு என்று தனிக் கஷ்டமும் உண்டு. கை வியர்க்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துமாதலால், வியர்வைத் துளியைப் பலகை விரல் என்று நினைத்துக் கொள்கிறது. நல்ல டச் பேட் இரண்டையும் ஓரளவு பிரித்து அறியும், மட்டமானது திணறும். உப்புக் காற்று உலோக இணைப்புகளை அரிக்கும் என்பதை மீன்பிடி குப்பத்து மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எல்லாக் குற்றத்தையும் பலகையின் தலையில் போடவும் கூடாது. சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும் அம்பு துள்ளுகிறதா? வீட்டில் ‘எர்த்’ சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரி என்றால், சார்ஜரைச் சந்தேகிக்கலாம். பலகை மேலே உப்பிக்கொண்டு வருகிறதா? அப்போது உடனே நிறுத்தி விடுங்கள். பல லேப்டாப்புகளில் பாட்டரி அந்தப் பலகைக்கு அடியில்தான் இருக்கிறது. பாட்டரி வீங்கினால் பலகை எழும்பும். சார்ஜ் போடக் கூடாது, அமுக்கக் கூடாது, குத்தவே கூடாது. பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் வெட்கப்பட வேண்டாம். விரலை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். அம்பு தடுக்காமல் வர வேண்டும். மேல் ஓரம், கீழ் ஓரம் இரண்டையும் அழுத்திப் பாருங்கள். மேல் ஓரம் அழுந்தாமல் கீழ் ஓரம் மட்டும் அழுந்தும் பலகைகள் ஏராளம். அது பழுதல்ல, அமைப்பே அப்படி. ஆனால் லொட லொட என்று ஆடினால் வேண்டாம். இரண்டு விரலால் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பணம் உங்களுடையது.

அரசாங்கம் என்ன செய்யலாம்?

தனி மனிதர் கடையில் தொட்டுப் பார்க்கலாம். அரசாங்கம் கொடுக்கும் லேப்டாப்பை மாணவர் எப்படித் தொட்டுப் பார்த்து வாங்குவது?

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். அரசாங்கத்தின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் லட்சக் கணக்கான பிள்ளைகள் பெற்றார்கள். பிறகு, 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினிக் கருவி கொடுப்பதாக அறிவித்து, முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நல்ல காரியம். பல வீடுகளில் வீட்டுக்கே அதுதான் முதல் கம்ப்யூட்டர். தனியாக மவுஸ் வாங்கும் வழக்கமும் அங்கே குறைவு. பலகையே கதி.

தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. டெண்டர் தாளில் எழுதிய அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீட்டில் குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுக்க வேண்டும். ஊழலைத் தடுக்க இது தேவை. அதனாலேயே, தாளில் எழுதாத குணத்துக்கு மதிப்புக் கிடையாது. ‘டச் பேட் இருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால், டச் பேட் என்ற பெயரில் எது வந்தாலும் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

ஆகவே, தாளில் எழுதட்டும். 2013ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் கம்பெனி டச் பேட்டுக்கு ‘பிரிசிஷன்’ என்று ஒரு தரம் வகுத்தது. அந்தத் தரத்தைக் கேட்கலாம். எந்தக் கம்பெனியின் பலகை என்று பெயர் கேட்கலாம். சாம்பிளில் இருந்த பலகையே சப்ளையிலும் இருக்க வேண்டும், மாற்றினால் சொல்லிவிட்டு, மறுபடி சோதனைக்குக் கொடுத்து மாற்ற வேண்டும் என்று நிபந்தனை போடலாம். நம்முடைய கருத்தில், இந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம்.

உறுப்புகளை இங்கேயே செய்ய முடியாதா என்று கேட்கலாம். 2018 ஏப்ரலில் இதே திருவிடந்தையில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. சிறு தொழிற்சாலைக்காரர்களும் தாங்கள் செய்த உறுப்புகளைக் கொண்டு வந்து வைத்தார்கள். 2025 ஜனவரியில், தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில் சிர்மா எஸ்.ஜி.எஸ். கம்பெனி லேப்டாப் பூட்டும் வேலையைத் தொடங்கியது. அதே ஆண்டில் மின்னணு உறுப்புத் தொழிலுக்கு ஊக்கம் கொடுக்க மத்திய அரசு 22,919 கோடி ரூபாய்த் திட்டத்தை அனுமதித்தது. தமிழ்நாடு அரசும் தன் பங்குக்கு ஒரு திட்டம் அறிவித்தது. பூட்டுகிற கை இங்கே வந்து விட்டது. பலகையும் இங்கே பிறக்கட்டும். அப்போதும் சோதனை வேண்டும். உள்ளூர்ச் சரக்கு என்பதற்காக விட்டுக் கொடுக்கக் கூடாது.

ஒரு யோசனை சொல்கிறோம். டெண்டருக்கு வரும் சாம்பிள் லேப்டாப்புகளைக் குளிர்சாதன அறையில் மட்டும் சோதிக்க வேண்டாம். சித்திரை மாதத்து நடுப்பகலில் கோவளம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கொண்டு வரட்டும். வியர்த்த கையோடு இருக்கும் பத்துப் பிள்ளைகளிடம் ஆளுக்கொன்று கொடுத்து, ஒரு விண்ணப்பத்தை முழுவதும் நிரப்பச் சொல்லட்டும். அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.