மாரடைப்பு இல்லை... இளைஞர்களின் இதயத்தைச் சாய்க்கும் பெருந்தமனி வீக்கம்! கண்டுபிடிப்பது எப்படி?

இளவயதில் ஒருவர் திடீரென சரிந்து விழுந்தால் 'மாரடைப்பு' என்றுதான் முதலில் சொல்வோம். எப்பவும் அது சரியா இருக்காது.

1986 ஜனவரியில், ஜப்பானில் நடந்த வாலிபால் போட்டியின்போது அமெரிக்க வீராங்கனை ஃப்ளோ ஹைமன் சரிந்து உயிரிழந்தார். வயது 31. மாரடைப்பு என்றே முதலில் கருதப்பட்டது. பிரேதப் பரிசோதனையில்தான் பெருந்தமனி கிழிந்திருந்தது தெரிந்தது. காரணம், யாரும் கண்டுபிடிக்காத மார்ஃபான் சிண்ட்ரோம்.

பெருந்தமனியில் என்ன நடக்கிறது?

இதயத்திலிருந்து பெருந்தமனி தொடங்கும் இடம்தான் அதன் வேர். மார்ஃபான் பாதிப்பில், ரத்தக்குழாய் சுவருக்கு உறுதி தரும் ஃபைப்ரிலின் புரதம் சரியாக உருவாகாது. ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்திலும் அந்த வேர் கொஞ்சம் கொஞ்சமாக பலூன் மாதிரி விரியும்.

இதயம் செயலிழப்பது ஏன்?

வேர் விரிந்தால், அங்குள்ள வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று சேராது. வெளியே போன ரத்தத்தில் ஒரு பகுதி இதயத்துக்கே திரும்பி வரும். அதையும் சேர்த்து தள்ள வேண்டியிருப்பதால் இடது கீழறை பெருத்துக்கொண்டே போகும். பல வருஷம் இதயம் சமாளிக்கும். அதனாலதான் வெளியே எதுவும் தெரியாது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்போது, பாதிப்பு முற்றியிருக்கலாம்.

யார் கவனிக்கணும்?

சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு மார்ஃபான் இருக்கிறது. அதிக உயரம், நீண்ட கை விரல்கள், வளைந்த முதுகெலும்பு, கண் லென்ஸ் விலகுவது ஆகியவை அடையாளங்கள். உயரமாக இருக்கும் எல்லோருக்கும் இது கிடையாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் 50% வாய்ப்பு. நான்கில் ஒருவருக்கு, குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலே வரும். ஹைமன் இறந்த பிறகு அவரது சகோதரரைப் பரிசோதித்தபோது அவருக்கும் இதே பாதிப்பு தெரியவந்து, அறுவை சிகிச்சை செய்யப்பட்டது.

தீர்வு இருக்கா?

இருக்கு. வலியில்லாத எக்கோ ஸ்கேனிலேயே வேரின் அளவு தெரிந்துவிடும். இ.சி.ஜி. மட்டும் போதாது. விரிவடையும் வேகத்தைக் குறைக்க பீட்டா பிளாக்கர் போன்ற மாத்திரைகள் தருவார்கள். மார்ஃபான் உள்ளவர்களுக்கு விட்டம் 5 செ.மீ. அளவை எட்டினால், சிலருக்கு அதற்கு முன்பேகூட, அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படும்.

குடும்பத்தில் யாராவது இளவயதில் காரணம் தெரியாமல் இறந்திருந்தால், மருத்துவரிடம் அதைச் சொல்லி எக்கோ பற்றி கேளுங்கள். நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போல திடீர் வலி வந்தால், வாயுத்தொல்லை என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.