மின்னியது எது?

ஆகாயத்தில் திடீரென்று ஓர் ஒளி மின்னி மறைந்தால், எட்டாத தூரத்தில் ஏதோ பெரிய விபரீதம் நடந்துவிட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது. இரவெல்லாம் கண் விழிக்கும் வான சாஸ்திரிகளும் இதற்கு விலக்கல்ல.

2017-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், ஹவாய்த் தீவின் மௌனா கியா சிகரத்திலுள்ள கெக் தூரதிருஷ்டிக் கண்ணாடி, சப்தரிஷி மண்டலத்தின் திசையில் ஜீ.என்.-இஸட் 11 என்ற தாரகைத் தொகுதியை நோக்கியிருந்தது. அங்கிருந்து ஒளி நம்மை வந்தடைய ஏறக்குறைய 1,340 கோடி வருஷங்கள் ஆகின்றன. சுமார் மூன்று நிமிஷப் பதிவு ஒன்றில் மட்டும் அவ்விடத்தில் ஓர் ஒளி பளிச்சிட்டது. முந்திய பதிவிலும் இல்லை. பிந்திய பதிவிலும் இல்லை. மனிதர் அனுப்பிய உபக்கிரகமாயிருக்குமோ என்று பீகிங் சர்வகலாசாலை லின்ஹுவா ஜியாங்கும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தார்கள், அல்லவென்று தள்ளினார்கள். பிரபஞ்சத்தின் பால்யத்தில் ஒரு மகா நட்சத்திரம் மாண்டபோது வீசிய ஒளியாகலாம் என்று 2020-ல் வெளியிட்டார்கள். உலகம் வியந்தது.

போலந்து தேசத்து மிஹாவ் மிஹாவோவ்ஸ்கியும் அவருடைய சகாக்களும் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தார்கள். பூமியைச் சுற்றும் பொருள்களுக்கு ரயில்வே அட்டவணை போன்ற ஒரு ஜாபிதா உண்டு, யாரும் பார்க்கலாம். ஒளி தோன்றிய நேரம், பார்த்தவர் நின்ற இடம், பார்த்த திசை ஆகிய மூன்றும் தெரிந்தால், அப்போது அவ்வழியே சென்றது எது என்று கணித்துவிடலாம். அது பூமியின் நிழலில் இருந்ததா, வெயிலில் இருந்ததா என்பதும் தெரிந்துவிடும். முற்றத்து வெயிலில் புரளும் பித்தளைத் தாம்பாளம் ஒரு கணம் கண்ணைப் பறிப்பதுபோல், சுழலும் உலோகத் தகடும் சூரிய ஒளியைத் திருப்பி வீசிவிட்டு மறையும்.

விடை 2021-ல் வெளிவந்தது. 2015-ல் ருஷ்யர்கள் ஏவிய புரோட்டான் ராக்கெட்டின் மேல் பாகமாகிய 'பிரீஸ்-எம்' அச்சமயம் அவ்விடத்தைக் கடந்து சென்றிருக்கிறது! வேலை முடிந்து கைவிடப்பட்ட வெற்றுக்கூடு ஆதி காலத்து ஒளியாக வேஷம் போட்டது.

ஜியாங்கின் கோஷ்டியைப் பரிகசிக்க நாம் இதை எழுதவில்லை. கண்டதை மறைக்காமல் நேரத்தோடும் திசையோடும் அவர்கள் வெளியிட்டிராவிட்டால், பிறர் சோதித்திருக்க வழியேது? ஆனால் நாம் மேலே எறியும் குப்பை பெருகப் பெருக, மெய்யான தூதையும் பொய்யென்று தள்ளிவிடும் அபாயம் உண்டு. ஆகையால் ஜாபிதா யாவருக்கும் திறந்திருக்கட்டும், குப்பையும் குறையட்டும். உண்மையாகவே ஒரு நட்சத்திரம் மாளும் ஒளி வந்து சேரும் நாளில், அதை நம்புவதற்கு நமக்கு வேறு துணை இல்லை.