'ஏலாது' என்று சொல்லும் துணிவு

புளியங்கூடலில் பனையோலை வேலை செய்யும் அக்கா ஒருவர், போன வருடம் கொழும்புக் கடையொன்றுக்குப் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி 200 தர ஒப்புக்கொண்டார். கார்த்திகை முடிவதற்குள் அனுப்ப வேண்டும். ஐப்பசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. சார்வோலை காயவில்லை. ஈர ஓலையில் இழைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டிகள் தை மாதந்தான் போய்ச் சேர்ந்தன. அந்தக் கடையிலிருந்து அடுத்த ஓடர் வரவில்லை.

அவருடைய வருத்தம் எனக்குப் புதிதல்ல. கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையொன்றின் திட்டமிடல் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை செய்தவன் நான். ஒரு லைனில் 30 பேர், ஆளுக்கு 480 நிமிடம், ஒரு சட்டைக்கு 20 நிமிடம். கடதாசிக் கணக்கில் நாளுக்கு 720 சட்டை வரும். ஆனால் புதிய தையலுக்குக் கை பழக வேண்டும், மெஷின் நிற்கும், பொத்தான் வந்து சேராது. கையில் கிடைப்பது 360. 5,400 சட்டைக்குக் கடதாசி ஏழரை நாள் சொல்லும்; லைனுக்கோ பதினைந்து நாள் தேவை. கடதாசியை நம்பித் திகதி கொடுத்தோம், கப்பலைத் தவறவிட்டோம். எங்கள் செலவிலேயே சரக்கை விமானத்தில் ஏற்றினோம். அந்த ஓடரின் லாபம் முழுவதும் விமானக் கூலிக்குப் போனது.

பிறகு ஃபாஸ்ட் ரியாக்ட் என்ற திட்டமிடல் மென்பொருள் வந்தது. திரையில் லைனுக்கு ஒரு வரிசை, ஓடருக்கு ஒரு நிறப் பட்டை. துணி ஐந்து நாள் பிந்தினால் எந்த ஓடர் எந்தக் கப்பலைத் தவறவிடும் என்று அன்றைக்கே தெரிந்தது. ஆனாலும் முதல் மாதங்களில் நாங்கள் பிந்தியே அனுப்பினோம். ஏச்சுக்குப் பயந்த சூப்பர்வைசர்மார் எண்ணிக்கையைக் கூட்டி எழுதியதே காரணம். குறைவாகத் தைத்ததைக் குறைவென்று எழுதினால் யாரும் ஏசுவதில்லை என்று நிர்வாகம் உறுதி தந்த பிறகுதான் கப்பல்கள் தவறாமல் கிடைத்தன.

சிறு தொழிலுக்கு இவ்வளவு விலையுள்ள மென்பொருள் எதற்கு என்று கேட்பார்கள். அதை வாங்கத் தேவையில்லை. அதன் கணக்கைப் பழகினால் போதும். ஒரு தொழிற்சாலை அதன் மிகக் குறுகிய இடத்தின் வேகத்தில்தான் ஓடும் என்று எலியாகு கோல்ட்ராட் 1984 இல் வெளிவந்த 'தி கோல்' நாவலில் விளக்கினார். அக்காவின் குழுவில் ஆறு பெண்கள் நாளுக்கு ஆளுக்கு இரண்டு பெட்டி இழைப்பார்கள். 200 பெட்டிக்குப் பதினேழு நாள் போதும். அவர்களுக்குக் குறுகிய இடம் வெயில். ஆகவே ஆடி, ஆவணியில் காயவைத்துக் கட்டிவைத்த ஓலை எத்தனை பெட்டிக்குக் காணுமோ அத்தனைக்குத்தான் மாரியில் ஓடர் எடுக்கலாம். கைத்தொலைபேசியில் ஒரு அட்டவணை இதற்குப் போதும்.

1978 இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையும் கூட்டுறவுச் சங்கங்களும் எங்கள் பெண்களுக்கு இழைக்கவும் சாயமிடவும் பயிற்சி தருகின்றன. அதோடு, ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்குத் திட்டமிடலையும் கற்பிக்க வேண்டும். எங்கள் பொருளின் அழகை எல்லோரும் மெச்சுகிறார்கள். திகதியைத்தான் நம்ப மறுக்கிறார்கள்.

போன கிழமை அக்காவுக்கு வேறொரு கடையிலிருந்து அழைப்பு வந்தது: கார்த்திகைக்குள் 300 பெட்டி. "இல்லையெண்டு சொன்னால் விட்டிட்டுப் போயிடுவினம் தம்பி" என்றார் என்னிடம். காய்ந்த ஓலைக் கட்டுகளை இருவருமாக எண்ணினோம். 120 பெட்டிக்குத்தான் இருந்தது. அவரே அழைத்துச் சொன்னார்: "கார்த்திகைக்கு 120 தாறம். மிச்சம் மாசியிலதான். முந்தி ஏலாது." கடைக்காரர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, சரியென்றார்.