73 புள்ளித் தோல்வி

சீசன் தொடங்கி இரண்டு மாசம்கூட ஆகாத இளம் அணியை "இது தேறாது" என்று தள்ளிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. 2021 டிசம்பர் 2-ல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் கூடைப்பந்து அணி மெம்பிஸிடம் 79-152 என்று தோற்றது. என்.பி.ஏ. வரலாற்றில் அதற்குமுன் அவ்வளவு பெரிய தோல்வி இருந்ததில்லை. பாதிப்பேர் சின்னப் பசங்க. அந்த சீசனில் 82 ஆட்டத்தில் 24 தான் ஜெயித்தார்கள். ஆனாலும் பயிற்சியாளர் மார்க் டெய்க்நால்ட்டை மாற்றவில்லை. லூ டார்ட்டையும் விடவில்லை. (நம்மூராக இருந்தால் மறுநாளே மாற்றியிருப்பார்கள்!) 2025 ஜூனில் அவர்கள்தான் சாம்பியன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். முதல் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர். "பேசாம பட்டறைக்கு வந்துடுறா" என்றார் அப்பா. இந்த ஸ்கோரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏப்ரல்ல எழுத பீஸ் எவ்வளவு?" என்று கேட்டார்.