இலை பாக்கப் போனா பில்லா?

அக்டோபர் வந்தா நம்ம ஐடி மக்கள் ஃபால் கலர் பாக்க நியூ ஹாம்ப்ஷயர் மலைக்குக் கிளம்பிடுவாங்க. சந்தோஷம். ஆனா ஜீன்ஸ், அரை பாட்டில் தண்ணியோட ஃப்ரான்கோனியா ரிட்ஜ் ஏறலாமா? சுத்தி வர 14 கிலோமீட்டர் சாமி! கீழே மேப்பிள் செக்கச்செவேல்னு இருக்கும். உச்சியில மரமே கிடையாது, காத்து ஆளைத் தள்ளும், சில நாள் பனியும் கொட்டும். சாயங்காலம் சீக்கிரமே இருட்டிடும்.

அலட்சியமா போய் மாட்டிக்கிட்டா, மீட்புச் செலவை நம்மகிட்டயே வசூலிக்க அங்கே சட்டம் இருக்கு. உடனே "அநியாயம்"னு ஒரு கூப்பாடு. எதுங்க அநியாயம்? நடுராத்திரி ஸ்ட்ரெச்சர் தூக்குறவங்கள்ல பலர் பைசா வாங்காத தன்னார்வலர்கள். 2015-லேருந்து 'ஹைக் சேஃப்' அட்டை வேற இருக்கு. 25 டாலர்தான். அது இருந்தா அலட்சியத்துக்கு பில் வராது (கண்மூடித்தனமா ஆடினா அப்பவும் வரும்!). கேமராவுக்கு ஆயிரம் டாலர் அழுறவருக்கு ஹெட்லாம்ப் வாங்க மட்டும் மனசு வரலையாம்.