424 படிகள் ஏறணுமா? தேவாலயக் கோபுரங்களில் கெடுபிடி ஏன்?

பாரிஸ் நோட்ர டாம் தேவாலயத்தின் கோபுரங்கள் 2025 செப்டம்பரில் பார்வையாளர்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டன. 2019 ஏப்ரல் தீ விபத்தோடு மூடப்பட்டவை இவை. மொத்தம் 424 படிகள். நேரம் குறித்து ஆன்லைனில் முன்பதிவு செய்தால்தான் ஏற முடியும். ‘மேலே போய் ஒரு செல்ஃபி எடுக்க இவ்வளவு கெடுபிடியா?’ என்று தோணலாம். காரணம் இருக்கு.

என்ன சிக்கல்?

பழைய மணிக்கோபுரங்கள் சுற்றுலாக் கூட்டத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. உள்ளே இருப்பது குறுகலான சுழல் படிக்கட்டு. ஒருவருக்கு மயக்கம் வந்தால் பின்னால் வருகிற எல்லோரும் நிற்கணும். ஸ்ட்ரெச்சரைத் திருப்பக்கூட இடம் இருக்காது.

ஜெர்மனியின் கொலோன் தேவாலயத்தில் 533 படிகள். ஏறுபவரும் இறங்குபவரும் ஒரே படிக்கட்டில்தான் ஒதுங்கி ஒதுங்கிப் போகணும். நோட்ர டாமில் தெற்குக் கோபுரம் வழியே ஏறி, வடக்குக் கோபுரம் வழியே இறங்குகிறார்கள். எதிரே ஆள் வராததே பெரிய பாதுகாப்பு.

கூட்டம் அவ்வளவு ஆபத்தா?

தேவாலயம் இல்லை என்றாலும், டெல்லி குதுப்மினாரிலும் இதே மாதிரி சுழல் படிக்கட்டுதான். 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்தது. இருட்டில் ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள். கோபுரம் இடியவில்லை. இருட்டும் கூட்டமும் சேர்ந்ததே போதுமானதாக இருந்தது. அதன்பிறகு மேலே ஏற யாருக்கும் அனுமதி இல்லை.

மூடுவது மட்டும்தான் வழியா?

இல்லை. இத்தாலியில் 1989-ல் பாவியா நகரக் கோபுரம் இடிந்து 4 பேர் இறந்தார்கள். அந்த அச்சத்தில் 1990 ஜனவரியில் பைசா சாய்ந்த கோபுரத்தை மூடினார்கள். அதுவும் தேவாலய மணிக்கோபுரம்தான். சாய்வைக் குறைத்து, 2001 டிசம்பரில் திறந்தார்கள். இப்போது குறிப்பிட்ட நேரத்துக்குக் குறிப்பிட்ட ஆட்கள் மட்டுமே. பைகளை வெளியே வைக்கணும். 8 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.

என்ன புரிகிறது?

கல்லைப் பலப்படுத்துவது ஒரு தடவை செய்கிற வேலை. ஆட்களை எண்ணுவது தினசரி வேலை. கூடுதலாகப் பத்துப் பேரை ஏற்றினால் வருமானம் கூடும். வரிசை நீளும்போது ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல வாசலில் நிற்கும் ஊழியருக்கு அதிகாரம் இருக்கணும். அது இல்லாத இடத்தில் கைப்பிடியும் கேமராவும் இருந்தும் பெரிய பயன் இல்லை.

அடுத்த தடவை வாசலில் காத்திருக்கச் சொன்னால் எரிச்சல்பட வேண்டாம். மேலே இருப்பவர்கள் பத்திரமாக இறங்கத்தான் அந்த நேரம்.